மூன்றாம் தொட்டியில் தேன்மொழி

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு என் கணினித் திரையில் மகளின் பெயர் எழுத்தெழுத்தாக விழுந்தது. விசைப்பலகையில் என் கை இல்லை. காபிக் கோப்பையில் இருந்தது. ஜெர்மனிக்கு வந்த மூன்று வருடமாகத் தினமும் பார்க்கும் காட்சிதான். என்னைப்போல ஊரைவிட்டு வந்து இந்த வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். மென்பொருளைச் சோதிக்க நாம் எழுதிவைத்த ஸ்கிரிப்ட் தானாக ஓடும். யாரோ பிடித்து இழுப்பதுபோல அம்புக்குறி நகரும், பெட்டிகளை நிரப்பும், பொத்தான்களை அழுத்தும். தோல் ஆலைகளின் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்குகிறவர்களைப் பதியும் மென்பொருள் அது. பெயர்: தேன்மொழி. தொட்டி: மூன்று. ‘உள்ளே சென்றார்.’ சில நொடிகளில் ‘வெளியே வந்தார்.’ அதைப் பார்த்த பிறகுதான் காபியைக் குடிப்பேன்.

இந்த நாட்டில் மாதிரிப் படிவங்களுக்கென்றே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: மாக்ஸ் முஸ்டர்மன். அவன் யாருடைய பிள்ளையும் அல்ல. ஆம்பூரை ஒட்டிய எங்கள் மாதனூர்ப் பக்கம் அப்படி இல்லை. ஆட்டோவின் முதுகில், லாரியின் நெற்றியில், ஜெராக்ஸ் கடைப் பலகையில் பிள்ளையின் பெயர்தான். காலியாக ஒரு பெட்டியைப் பார்த்ததும் என் கையும் அதையே எழுதியது. பக்கத்து மேசை உல்ரிக்கே ஒருநாள் இது யார் என்று கேட்டாள். என் மகள் என்றேன். அவள் குரலைத் தாழ்த்தி, மிகவும் வருந்துவதாகச் சொன்னாள். நானும் நன்றி சொல்லிவைத்தேன். இறந்துபோன பிள்ளையின் நினைவாக இப்படிச் செய்கிறேன் என்று அவள் நினைத்தது எனக்குப் புரிய இரண்டு வாரம் ஆனது. அப்போதாவது பெயரை மாற்றியிருக்கலாம்.

அன்று ‘வெளியே வந்தார்’ வரவில்லை. பொத்தான் இயங்கவில்லை என்று சிவப்பில் காட்டிவிட்டு ஸ்கிரிப்ட் நின்றது. திரையின் மேல் ஓரத்தில் வழக்கமாக இருக்கும் ‘சோதனை’ என்ற சொல்லைத் தேடினேன். இல்லை. முந்தின நாள், எங்கள் மென்பொருளைப் பயன்படுத்தும் ஆம்பூர் ஆலையின் பாதுகாப்பு மேற்பார்வையாளர் ரஹ்மத் பாய் போன் செய்து, பிரிண்ட் வரவில்லை என்றார். அதைப் பார்ப்பதற்காக ஆலையின் உண்மையான பதிவேட்டோடு இணைத்துக்கொண்டவன், திரும்ப மாற்ற மறந்துவிட்டேன். அதில் தேன்மொழி என்று ஒருத்தி நிஜமாகவே இருந்தாள். வேதியியல் படித்த என் மகள் இரண்டு மாதத்துக்கு முன்தான் அங்கே ஆய்வுக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். நிஜப் பதிவேட்டில் வெளியே வந்ததைப் பதிய, தொட்டியருகிலேயே மேற்பார்வையாளரின் விரல்ரேகை வேண்டும். இங்கிருந்து யாரும் அழிக்க முடியாதபடி அதை அமைத்தவர்களில் நானும் ஒருவன். பதினைந்து நிமிடத்துக்குள் பதியாவிட்டால் அங்கே அபாயச் சங்கு ஊதும்.

சங்கு ஊதினால் யாராவது தேடி இறங்குவார்கள். அதுதான் என் பயம். நான் ஆம்பூரில் ஒரு தோல் ஆலையின் ஸ்டோரில் வேலை பார்த்த காலத்தில் மென்பொருள் கிடையாது. தொட்டிக்குள் ஆள் இறங்கினால் மேலே நிற்பவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். உள்ளிருந்து குரல் வரும். ஒருநாள் வரவில்லை. கூப்பிட்டவர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினார். இருவரையும் கயிறு போட்டுத்தான் எடுத்தார்கள். விழுந்தவன், தேடி வந்தவன் என்ற வித்தியாசம் தொட்டியின் விஷவாயுவுக்குத் தெரியாது.

ஆம்பூரில் அப்போது பகல் ஒன்று நாற்பத்திரண்டு. ஜும்மா தொழுகை நேரம், ரஹ்மத் பாயின் போன் அணைந்திருந்தது. தேன்மொழியின் போன் மற்றவர்களுடையதைப்போல கேட் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். கேட் எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்தினேன். கடைசியில் வாட்ச்மேன் எடுத்தார். சாப்பாட்டு நேரம், தொட்டிப் பக்கம் ஆளே இல்லை என்றார். கணினியில் ஒரு பெயர் உள்ளே இருப்பதாகக் காட்டும், அது பொய் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

“இன்னா சார், ஜெர்மனிலேர்ந்து உங்களுக்குத் தெரியுது, கேட்டாண்ட நிக்கிற எனக்குத் தெரியலியே” என்று சிரித்தார்.

அவர் சிரித்து முடிப்பதற்குள் சங்கு கேட்டது. ரிசீவர் மேசையில் விழும் சத்தம், ஓடும் கால்கள். யாரையும் இறங்க விடாதீர்கள் என்று ஆளில்லாத அறைக்குள் கத்தினேன். யாரோ பெண் உள்ளே இருக்கிறாளாம் என்று தூரத்தில் ஒரு குரல். பிறகு வெறும் சங்கு. பிறகு அதுவும் நின்றுவிட்டது. அந்த அமைதியில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. அந்தப் பதிவு என்னுடையதுதானா? அதே நேரத்தில் அவளும் நிஜமாகவே இறங்கியிருந்தால்? உல்ரிக்கே வந்து தோளைத் தொட்டு ஏதோ கேட்டாள். உடம்பு அந்த நாற்காலியில் இருந்தது. காது ஆம்பூர் கேட் மேசையில் கிடந்தது.

ரிசீவரை யாரோ எடுத்தார்கள். மூச்சிரைப்பு. “அப்பா?”

ஜெர்மனியிலிருந்து போன் என்று வாட்ச்மேன் அவளைக் கூட்டி வந்திருந்தார். என் முன்னால் திரையில் அவள் இன்னும் மூன்றாம் தொட்டிக்குள்ளேயே இருந்தாள், இருபத்தாறு நிமிடமாக. நீ எங்கே இருந்தாய் என்று கேட்டேன்.

“லேப்லதாம்பா. உள்ள ஒரு பொண்ணு மாட்டிக்கிச்சுன்னு ஓடியாந்தாங்க. மாஸ்க் எங்ககிட்டதான் இருந்துச்சு. மாட்டிக்கினு ஏணியில கால வச்சிட்டேன். இன்னா பேர் சொல்லிக் கூப்புடணும்னு கேட்டேன். கம்ப்யூட்டர்ல பாத்துட்டு வந்து, என் பேரைச் சொன்னாங்கப்பா.”