ருசி பார்க்காமல் காய்ச்சிய சூப்பு

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெண்ணும் ஆணுமாக ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். பந்தி பந்தியாகச் சோறு போட்ட கை இது. அந்தக் கையால் நான் பயந்து பயந்து எடுத்துப்போய் வைத்தது ஒரே ஒரு கிண்ணம்தான்.

தொண்ணூறுகளில் நடந்தது. செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டிய சந்தில், ஒரு ஜப்பான் தம்பி நாலு பெஞ்சு போட்டுக் கடை வைத்திருந்தார். கோழி எலும்பைக் காலையிலிருந்து கொதிக்கவிட்டு இறக்கின சூப்பில் நூடுல்ஸ் போட்டுக் கொடுப்பார். ராமென் என்பார்கள். இடமில்லாத வெள்ளைக்காரர்கள் வாசலில் நின்றே சாப்பிட்டுப் போவார்கள். அடுப்பு என் பொறுப்பு. கொதி ஜாஸ்தியானால் சூப்பு கலங்கிவிடும், கம்மியானால் எலும்பில் இருக்கிற சத்து இறங்காது. நுரையை எடுத்துக்கொண்டே நிற்க வேண்டும். அந்தப் பதம் என் கைக்கு வந்துவிட்டது. ருசி பார்ப்பது மட்டும் தம்பி.

ஒரு கார்த்திகையில் அவருக்கு மஞ்சள் காமாலை. கடைக்குப் பின்னால் இருந்த அறையில் படுத்துவிட்டார். உப்பு, எண்ணெய், கறி எதுவும் ஆகாது என்றார் டாக்டர். சேதி கேட்டு ஜப்பானிலிருந்து அவருடைய அம்மா வந்து இறங்கினார்கள். அன்றைக்கே தம்பி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"கடையை மூடிட்டு என்னோட கிளம்புன்றாங்க அக்கா. நீ படுத்துட்டா யார் பார்ப்பாங்கன்னு கேக்கறாங்க. நாளைக்கு நீங்களே அவங்களுக்கு ஒரு கிண்ணம் வெச்சுக் குடுங்க. கடையை நீங்க பார்த்துப்பீங்கன்னு அவங்க நம்பட்டும்."

அவர் போனால் கடை போச்சு, என் பிழைப்பும் போச்சு. தூக்கம் வரவில்லை.

மறுநாள் பானை முன்னால் நின்றேன். கார்த்திகையில் தீபம் பார்க்கிற வரைக்கும் நான் கவுச்சியை வாயில் வைப்பதில்லை. வேலைக்காகத் தொடுவேன், தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவேன். அக்கம்பக்கத்திலும் எல்லாரும் விரதம். ருசி பார்க்க ஒரு நாக்கு கிடைக்கவில்லை. வாசனையை நம்பினேன். சூப்பு மஞ்சளாகத் தெளிந்து வர வர, தம்பியின் கண்தான் அதில் தெரிந்தது.

அந்த அம்மா கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தார்கள். கீழே வைத்து ஒரு வார்த்தை சொன்னார்கள். உள்ளே தம்பி சிரித்தார்.

"அக்கா, உப்பே இல்லையாம்!"

எனக்கு உயிரே போய்விட்டது. கிண்ணத்தின் அடியில் சோயா சாஸ் ஊற்றி அதன்மேல் சூப்பை விடுவது எப்போதும் தம்பிதான்; உப்பு அதில்தான். பதற்றத்தில் நான் வெறும் சூப்பை ஊற்றியிருந்தேன்.

"ருசி பார்க்கலையான்னு கேக்கறாங்க."

"விரதம்னு சொல்லுங்க தம்பி. மூக்கை வெச்சுத்தான் காய்ச்சினேன்னு சொல்லுங்க."

சொன்னார். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். எழுந்து, மகன் சமைக்கும்போது கட்டுகிற துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு, கிண்ணத்தில் சாஸைக் கொஞ்சம் விட்டுக் குடித்தார்கள். இன்னும் கொஞ்சம் விட்டார்கள். அடிவரைக்கும் காலி செய்துவிட்டு ஏதோ கேட்டார்கள்.

"என்னன்றாங்க தம்பி? கிளம்பறீங்களா?"

"நாளைக்கு எத்தனை மணிக்கு அடுப்பு பத்தவெப்பீங்கன்னு கேக்கறாங்க அக்கா."

தீபம் முடிந்து என் விரதம் விட்ட பிறகும், தை மாதம் வரைக்கும் அந்த அம்மா ருசி பார்க்கிற கரண்டியை என்னிடம் கொடுக்கவில்லை. ஊருக்குத் தனியாகத்தான் போனார்கள்.

பாப்பா, பாட்டிக்கு இதைச் சத்தமாகப் படி. எழுத்துக்கூட்டி நானே எழுதினது. தப்பு இருந்தால் சொல்லு, நீ கை வைக்காதே. நானே திருத்திக்கொள்கிறேன்.