தரையில் கிடந்த பூ

பச்சை ஏலக்காய் உலரும்போது வருகிற வாசனை, கடையில் வாங்கும் ஏலக்காயின் வாசனை இல்லை. புகையும் ஈரமும் கலந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். எழுபதுகளின் கடைசியில், போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில், கண் விழித்தாலே அந்த வாசனைதான்...

இதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. பிள்ளைகளுக்கு இயற்கையைச் சொல்லிக் கொடுப்பவள் என்று இங்கே என்னை ஆகா ஓகோ என்று புகழ்கிறீர்களே, அதற்காகவாவது சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. போடியில் படிப்பை முடித்த கையோடு, எஸ்டேட் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போயிருந்தேன். காய் எடுக்கப் போகிற அம்மாக்கள் காலையில் விட்டுவிட்டுப் போவார்கள். தகரக் கூரை, ஒரு கரும்பலகை, நாலைந்து வயதில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள்.

அ, ஆ எழுத வைத்து ஒரே மாதத்தில் எனக்கே அலுத்துவிட்டது. ஒரு நாள் எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போனேன். பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. எறும்புப் புற்றுக்கு முன்னால் அரை மணி நேரம் குத்தவைத்திருந்தோம். காலில் ஏறின அட்டையைக்கூட உடனே பிடுங்க விடமாட்டேன், அது எப்படி நடக்கிறது என்று முதலில் பாருங்கள் என்பேன். என்னைப் பற்றி எனக்கே அப்படி ஒரு பெருமை...

ஒரு சட்டமும் போட்டேன்.

"செடியில இருக்குற பூவப் பறிக்கக் கூடாது, பாவம். தரையில கெடக்குற பூவ மட்டுந்தேன் எடுக்கணும். நாளைக்கு ஆளுக்கொண்ணு கொண்டாங்க."

நல்ல சட்டம்தானே? ஆனால் போடியில் நான் பார்த்த ஏலக்காய் எல்லாம் சாக்கில் இருந்தது. ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேலே நின்றாலும் பூப்பது அடியில். வேர்ப்பக்கத்திலிருந்து சரம் சரமாகக் கிளம்பி மண்ணில் படுத்துக் கிடக்கும். அந்தச் சரத்தில்தான் பூ, அதில்தான் காய். நான் அதை ஏதோ களைக்கொடி என்று நினைத்திருந்தேன், மண்டு.

மறுநாள் பிள்ளைகள் என்னென்னவோ கொண்டுவந்தார்கள். கடைசியாக வந்தவள் பேச்சி. சிலமலையிலிருந்து பிழைக்க வந்த வேலுத்தாயின் ஒரே மகள், அப்பா கிடையாது. மடித்துப் பிடித்திருந்த பாவாடையைப் பிரித்தாள். உள்ளே ஐந்தாறு சரம். நுனியில் ஊதாக் கோடு போட்ட வெள்ளைப் பூ, அடியில் பச்சைப் பிஞ்சு.

"அழகா இருக்குல்ல டீச்சரு? தரையில கெடந்ததத்தேன் எடுத்தேன்."

அழகாகத்தான் இருந்தது. அதை நான் சொல்வதற்குள் சூப்பர்வைசர் வாசலில் நின்றார்.

வேலை முடிந்து போகும் பெண்களின் மடியைச் சோதித்துத்தான் அங்கே அனுப்புவார்கள். பிள்ளைகளை வைத்துக் காய் கடத்துகிறார்கள் என்று அவருக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். ஏலக்காட்டில் காய் எடுத்துக்கொண்டிருந்த வேலுத்தாயைக் கூப்பிட்டுவரச் சொன்னார்.

"பிள்ளைய விட்டுக் களவாங்குறியாக்கும்?"

"அய்யா, சத்தியமா எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க..."

அவர் பேச்சியிடம் குனிந்தார். "யாரு பறிக்கச் சொன்னது? சொல்லு."

பேச்சி என்னைப் பார்த்தாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "ஒங்களுக்கு எதும் தெரியுமா டீச்சர்?"

"தெரியாதுண்ணே" என்றேன்.

வீட்டில் இரண்டு தங்கைகள், என் சம்பளம்தான் சோறு என்று பிறகு எனக்கு நானே ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டேன். எல்லாம் சமாதானம். நான் பயந்துவிட்டேன், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில், வேலை பறிபோன வேலுத்தாய் எஸ்டேட் வீட்டைக் காலி செய்துகொண்டு, தலையில் மூட்டையோடு மலையிறங்கினாள். லோடு ஜீப்பில்கூட ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். பேச்சியும் நடந்தே போனாள். அதற்குப் பிறகு நான் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகவில்லை. அ, ஆவோடு நிறுத்திக்கொண்டேன்.

ஏழெட்டு வருஷம் கழித்து, போடியில் ஒரு ஏலக்காய் குடோன் வாசலில் வேலுத்தாயைப் பார்த்தேன். தரம் பார்த்துக் காய் பொறுக்கும் பெண்களோடு மதியச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பேச்சி. பள்ளிக்கூடம் போகிற வயதில் அவளும் காய் பொறுக்க வந்திருந்தாள். நான் அப்போது அரசுப் பள்ளி டீச்சர்.

"வேலுத்தாயி... அன்னைக்கு நாந்தேன்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் டீச்சரு. பிள்ள அன்னைக்கே சொல்லிருச்சு. நாந்தேன் வெளிய மூச்சு விடாதன்னேன். எங்க சோலி போனது போச்சு... நீங்களும் வயசுப்பிள்ள, ஒங்களையும் எதுக்கு வெரட்டிவிடணும்?" என்றவள் மகளிடம் திரும்பினாள். "பேச்சி, டீச்சருக்குத் தண்ணி கொண்டா ஆத்தா."

பேச்சி கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்தேன். ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்...

இப்போது ஓய்வு பெற்றாயிற்று. இயற்கையைப் பற்றிப் பேசக் கூப்பிட்டு சால்வை போடுகிறார்கள். போன மாதம் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு பஸ்சில் போடிமெட்டுக்குப் போனேன். ஏலக்காய்த் தோட்டத்தைச் சுற்றிக் காட்டவே இப்போது ஆள் வைத்திருக்கிறார்கள். ஒரு பையன் குனிந்து, பூவும் பிஞ்சுமாக ஒரு சரத்தை அப்படியே பிய்த்துத் தூக்கினான். "நான்தான் பறிக்கச் சொன்னேன்" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

சுற்றிக் காட்டியவர் சிரித்துக்கொண்டே, சரத்தை இன்னும் கொஞ்சம் உயரப் பிடிக்கச் சொல்லி, அவனை ஒரு போட்டோ எடுத்தார்.