கல் என்றால் நேற்றா, நாளையா

ஹிந்தியில் ‘கல்’ என்றால் நேற்று. ‘கல்’ என்றால் நாளையும்தான். கூட வரும் வினைச்சொல்லை வைத்துத்தான் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்தமான் தமிழர்களான நாங்களோ வினைச்சொல்லைக் கழற்றி எறிந்துவிட்டு, ‘கல்’லை மட்டும் தமிழுக்குள் இழுத்துக்கொண்டோம். பெரும்பாலும் பிரச்சினை வராது. ஒரே ஒரு முறை வந்தது. அப்போது என் படிப்பே அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தேன். மெயின்லேண்டில் நர்சிங் சீட்டுக்கான சான்றிதழ் சரிபார்ப்பு போர்ட் பிளேரில் நடக்கும். அன்றைக்குப் போகாதவர்களின் பெயரை அடித்துவிடுவார்கள். தேதியை நெட்டில்தான் போடுவார்கள். எங்கள் ஊர் பெரார்கஞ்சில் மழைக்கு டவர் படுத்துவிட்டது. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வயல் வரப்பெல்லாம் அலைந்தும் ஒரு கோடு சிக்னல் வரவில்லை. என் மார்க்கையே வாங்கியிருந்த வகுப்புத் தோழி ஒருத்தி போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்கிற ஏரியாவில் இருந்தாள். அவள் அப்பா கான்ட்ராக்டர். அவளுக்கு உட்கார்ந்த இடத்திலேயே தேதி தெரிந்திருக்கும். அதை நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் அப்பா பெயிண்டர். அப்போது போர்ட் பிளேரில், டாலிகஞ்சில் வேலை. சாப்பாட்டு நேரத்தில் சரிபார்ப்பு நடக்கும் ஆபீசுக்குப் போய்க் கேட்டு வருகிறேன் என்று கிளம்பியவர், சாயங்காலம் தொங்கிய முகத்தோடு வந்தார்.

“கல்லாம், பாப்பா. முடிஞ்சு போச்சு.”

அம்மா அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் சொன்னது, எப்படிச் சொன்னார் என்று குடைந்தேன். ஜன்னலுக்குள் இருந்தவர் போனில் பேசிக்கொண்டே, இவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னாராம்.

“‘கல் ஹை’ன்னாரா, ‘கல் தா’ன்னாரா?”

“வெறும் கல்லுதான்.”

‘ஹை’ வந்தால் நாளை, ‘தா’ வந்தால் நேற்று. இரண்டுமே இல்லை. அப்படியென்றால் நாளையாகவும் இருக்கலாமே! அப்பா நம்பவில்லை. வீண் அலைச்சல், வேலையும் கெடும் என்றார். நான் கேட்கவா போகிறேன்? சான்றிதழ்களை பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு, விடிந்ததும் முதல் பஸ்ஸில் அவரையும் ஏற்றிவிட்டேன். வழியில் கை காட்டியவர்களுக்கெல்லாம் பஸ் நின்றது. இறங்கித் தள்ளலாமா என்றிருந்தது எனக்கு.

ஆபீஸ் வாசலில் கூட்டம் நிரம்பி வழிந்தது. கூட்டத்தைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். அந்த டெய்ரி ஃபார்ம் தோழி வரிசையில் நின்றாள். நல்ல பெண், சிரித்தபடி எனக்கு இடம் விட்டாள். இது கிடைக்காவிட்டால் கோயம்புத்தூரில் பணம் கட்டிச் சேர்க்க அவள் அப்பா ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறார் என்றாள். பெருமைக்குச் சொல்லவில்லை, மழை வரும்போலிருக்கிறது என்பதுபோல் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு பேருக்கும் ஒரே மார்க். அவள் அன்றைக்கு வராமல் வீட்டில் தூங்கியிருந்தாலும் நர்ஸ் ஆகியிருப்பாள். நான் ஒரு சொல்லைத் தப்பாக எடுத்திருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும். நன்றாகப் படித்தால் மேலே வந்துவிடலாம் என்று எங்களுக்குச் சொன்னவர்கள் யாரும் இதைச் சொன்னதில்லை.

வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. நான் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். இருபது வருஷமாக ஹிந்திக்காரர்களோடு வேலை பார்க்கிறவர், என்னைவிட நன்றாகப் பேசுகிறவர், ‘கல்’லுக்கு இரண்டு அர்த்தம் தெரியாதவரா? ஏன் நேற்று என்றே எடுத்துக்கொண்டார்?

அப்பா விரலில் ஒட்டியிருந்த பெயிண்டைச் சுரண்டினார்.

“நல்லது எதுவும் எனக்கு நாளைக்குன்னு வந்ததில்லையே, பாப்பா. எப்பப் போய்க் கேட்டாலும் நேத்தே முடிஞ்சிருக்கும்.”

அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சீட்டு கிடைத்தது. தோழிக்கும் கிடைத்தது, அவள் விமானத்தில் போய்விட்டாள். சென்னைக் கப்பலுக்கு டிக்கெட் எப்போது கொடுப்பார்கள் என்று விசாரிக்க நானும் அப்பாவும் போனோம். ஜன்னலுக்குள் இருந்தவர் நிமிராமலே ‘கல்’ என்றார். அப்பா என் பக்கம் திரும்பி, பின்னால் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னார்.

“நாளைக்கு, பாப்பா. நாளைக்குத்தான்.”