அண்ணைக்குப் பேசிய பெண்

அண்ணைக்குச் சம்பந்தம் பேசி வந்த இடம் அரியாலை. பெண் என் சிநேகிதி. உடுவில் பள்ளிக்கூடத்தில் ஒரே விடுதியில், பக்கத்துக் கட்டில்களில் படுத்து வளர்ந்தவர்கள் நாங்கள். அவளுக்கு வலிப்பு வரும் என்பது, பெற்றவர்களையும் விடுதி அம்மாவையும் விட்டால், எனக்கு மட்டுந்தான் தெரியும். முதல் தடவை அவள் கிணற்றடியில் விழுந்தபோது இரும்பு பிடித்தால் நிற்கும் என்று, அலுமாரி திறக்கிற திறப்பை அவள் கைக்குள் திணித்துப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். எழும்பியதும், ஒருவருக்கும் சொல்லாதே என்றாள். சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

சாதகம் பொருந்திவிட்டது. அம்மா சந்தோசப் புளுகத்தில் வந்தவர் போனவருக்கெல்லாம் சொன்னா. கொழும்பில் உத்தியோகம் பார்த்த அண்ணை லீவில் வந்து நின்றார். பெண் எப்படி என்று என்னைத் தனியாகக் கேட்டார். நல்லவள் என்றேன். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. வாயைத் திறந்தால் அவளுக்குத் துரோகம், மூடினால் அண்ணைக்கு. குசினி அடுப்புக்கும் வெளி வளவுக்குமாக நடந்தபடியே இருந்தேன். சொந்த அண்ணைக்கும் மறைப்பேன் என்றா அன்று சத்தியம் பண்ணினேன்? இல்லை என்றது மனம். அப்படியென்றால், வேண்டிய இடத்தில் முறிக்கிற சத்தியம் என்ன சத்தியம் என்று கேட்டதும் அதே மனந்தான்.

இருக்க முடியாமல், எங்கள் ஐயாவைக் கேட்டு வண்டி கட்டுவித்து அரியாலைக்குப் போனேன். அவள் முற்றத்தில் பனங்கிழங்கைக் கிழித்து ஒடியலாகக் காயவைத்துக்கொண்டிருந்தாள். தாயார் தேத்தண்ணி போட உள்ளே போன நேரத்தில் கேட்டேன்.

"அண்ணைக்குச் சொல்லப் போறியோ?"

அவள் ஒடியலைத் திருப்பிப் போட்டாள். பிறகு, "நான் சொல்லத்தான் இருந்தனான். நீ வந்து கேட்டபடியால், இனி உனக்குப் பயந்து சொன்னதாப் போச்சு" என்றாள்.

 நான் சொல்லாவிட்டால் நீ சொல்லுவியோ என்று அவள் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. அவள் கேட்கவில்லை.

அடுத்த வெள்ளி இரண்டு வீட்டாரும் தொண்டைமானாற்றுச் சந்நிதிக் கோயிலுக்குப் போனோம். தாயார் கண்ணால் தடுக்கத் தடுக்க, ஆற்றங்கரையில் நின்ற அண்ணையிடம் போய் அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.  அண்ணை அவளிடம், அப்படி வந்தால் பக்கத்தில் இருக்கிற ஆள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டாராம். விசயம் தெரிந்த எங்கள் அம்மா, இந்தச் சம்பந்தம் வேண்டாமென்று சாப்பிடாமல் கிடந்து பார்த்தா. அண்ணை அசையவில்லை. கலியாணம் நடந்தது.

கொழும்பில் அவர்கள் சந்தோசமாகத்தான் இருந்தார்கள். வலிப்பும் இடைக்கிடை வந்தது. என் முதல் பிள்ளைப்பேற்றுக்கு அவளே வந்து நின்று எனக்குப் பத்திய மருந்துக் காயம் அரைத்துத் தந்தாள். ஆனால் தாலி ஏறிய நாளிலிருந்து நான் அவளுக்கு 'மச்சாள்', 'நீங்கள்'; பழைய 'நீ' போய்விட்டது. முறைப்படி அதுதான் சரியென்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றது. ஒருநாள் கேட்டேவிட்டேன், இன்னும் என்னில் கோபமா என்று.

"கோவம் இல்லை, மச்சாள். நீங்கள் செய்தது சரிதான். உங்கடை இடத்திலை நானும் அதைத்தான் செய்திருப்பன்."

அதைக் கேட்க ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. பிள்ளை அழுகிறதைச் சாட்டுச் சொல்லி எழும்பி அறைக்குள் போனேன்.