நைனாவின் பிளாஸ்டிக் பட்டாளம்

போன ஞாயிற்றுக்கிழமை எதிர் ஃபிளாட் பிள்ளை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். வயது முப்பது, ஐடி வேலை. பெண் பார்க்கப் போயிருக்கிறான் — வீட்டுக்கு அல்ல, காபி ஷாப்புக்கு. எல்லாம் நன்றாகத்தான் போயிருக்கிறது. கடைசியில் அந்தப் பெண் தன் நாயின் போட்டோவைக் காட்டியிருக்கிறாள். இவன் "கடிக்குமா?" என்று கேட்டிருக்கிறான். அவ்வளவுதான்... பேச்சு அதோடு முறிந்துவிட்டது.

"ஒரு நாயை வெச்சு ஒரு மனுஷனை எடை போடலாமா ஆன்ட்டி?" என்றான்.

நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன். நாயாவது உயிருள்ள ஜீவன். எங்கள் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைகளை எடை போட்டவர்களின் உயரம் இரண்டு அங்குலம். அத்தனை பேரும் பிளாஸ்டிக்!

எண்பதுகளின் தொடக்கம். திருத்தணியில் மலைக்குப் போகும் சாலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. நைனா — அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம் — தாலுகா ஆபீசில் சர்வேயர். பகலெல்லாம் ஊரார் நிலத்தில் சங்கிலி போட்டு அளப்பவர். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. அம்மா சுடும் தோசை ஒருபக்கம் நீண்டிருந்தால் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவார்.

கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா ஒருமுறை ஊருக்கு வந்தபோது சில அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்தார். திறந்தால்... உள்ளே பிளாஸ்டிக் சட்டங்களில் குட்டிக் குட்டியாகச் சிப்பாய்களின் தலை, உடம்பு, கை, கால். எல்லாம் தனித்தனி. வெட்டி எடுத்து நம் இஷ்டத்துக்கு ஒட்டிக்கொள்ளலாம். கையைத் தூக்கி ஒட்டினால் அந்தச் சிப்பாய் சுடுகிறான். இறக்கி ஒட்டினால் ஓய்வெடுக்கிறான். தலையைக் கொஞ்சம் திருப்பி ஒட்டினால் பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கிறான். வெளிநாட்டில் வயதான மனிதர்கள்கூட இவற்றை மேஜைமேல் நிறுத்திப் பழைய போர்களை மறுபடி நடத்துகிறார்கள் என்று சித்தப்பா பேச்சுவாக்கில் சொன்னார்.

சித்தப்பா கப்பலுக்குத் திரும்பிவிட்டார். நைனா திரும்பவே இல்லை.

எந்தப் போரை நடத்துவது? அதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. இருநூறு வருடத்துக்கு முன்னால் பக்கத்துச் சோளிங்கரில் மைசூர்ப் படைக்கும் வெள்ளைக்காரப் படைக்கும் ஒரு சண்டை நடந்தது. மைசூர் தோற்றுப்போனது. அந்தப் பக்கமெல்லாம் நைனா வேலை நிமித்தமாகப் பலமுறை அளந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும், 'பீரங்கியை இந்த மேட்டில் வைத்திருந்தால் ஜெயித்திருக்கலாமே' என்ற வருத்தத்தோடுதான் வீடு திரும்புவார். இப்போது சந்தர்ப்பம் வந்துவிட்டது. விடுவாரா?

போர்க்களத்துக்குப் பெரிய பலகை வேண்டும். ஸ்டோர் ரூம் கதவைக் கழற்றினார். போதவில்லை. பாத்ரூம் கதவையும் கழற்றினார். பாத்ரூமுக்குக் கோணித் திரை தொங்கவிடப்பட்டது. சோளிங்கர் மலையைக் காகிதக் கூழில் செய்தார். அளவு பிசகாமல் ஏரிக்கரைகூட வந்துவிட்டது. கோணித் திரைக்கு உள்ளே குளிப்பவர்கள் சத்தமாகப் பாடவேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டமானது.

சிப்பாய்களை ஒட்டும் வேலை மட்டும் நைனாவுக்கு வரவில்லை. சங்கிலி இழுத்த விரல்களில் கடுகளவு கை நிற்குமா? அது பி.காம். முடித்துவிட்டு வீட்டிலிருந்த என் தலையில் விழுந்தது. நகவெட்டியால் ஒவ்வொரு உறுப்பாக வெட்டி எடுத்து, தீப்பெட்டிகளில் தலை, கால், இடது கை, வலது கை என்று பிரித்து வைத்துக்கொண்டு ஒட்டினேன். ஒட்டித் தீர்த்த பசை டியூப் எத்தனையோ!

வெள்ளைக்காரப் படைக்குச் சிவப்புக் கோட்டு. பெயின்டுக்கு எங்கே போவது? நெயில் பாலிஷ்தான். நைனாவே ஃபேன்சி ஸ்டோருக்குப் போய், இருந்த சிவப்பு பாட்டில் அத்தனையையும் வாங்கிக்கொண்டு வந்தார். சர்வேயர் சார் வீட்டில் மொத்தம் எத்தனை பெண்கள் என்று கடைக்காரர் ஒரு வாரம் விசாரித்துக்கொண்டிருந்தாராம். மைசூர்ப் படைக்கு நான் தலைப்பாகை கட்டினேன். பொதட்டூர்பேட்டையில் லுங்கி நெய்யும் அத்தை வீட்டிலிருந்து வந்த கழிவு நூலைக் கஞ்சியில் நனைத்துச் சுற்றினால் கச்சிதமாக உட்காரும். உலகத்திலேயே லுங்கிக் கலரில் தலைப்பாகை கட்டிய ஒரே குதிரைப்படை எங்களுடையதுதான்.

இதுவரை யாருக்கும் நஷ்டமில்லை. பாத்ரூம் கதவைத் தவிர.

வினை எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோது வந்தது.

முதலில் வந்தவர் திருவள்ளூரில் ஒரு பேங்கில் கிளார்க். பஜ்ஜி சாப்பிட்டு முடித்ததும் நைனா அவரைக் கூடத்தில் போர்க்களமாகக் கிடந்த கதவுகளிடம் அழைத்துப் போனார். வருகிறவருக்கு எப்போதும் வெள்ளைக்காரப் படை. நைனாவுக்கு மைசூர். தாயக்கட்டையை உருட்டி, விழும் எண்ணுக்கு ஏற்ப ஆட்களை நகர்த்தவேண்டும். விதிகளெல்லாம் நைனாவின் நோட்டில். கிளார்க் கெட்டிக்காரர். காபி ஆறுவதற்குள் மைசூரைத் துடைத்துவிட்டார். அவர்கள் போன பிறகு நைனா சொன்ன தீர்ப்பு — பையனுக்குத் திமிர் அதிகம், பெரியவர்களிடம் விட்டுக்கொடுக்கத் தெரியவில்லை.

இரண்டாவதாக நகரியிலிருந்து வந்தவர் ஜவுளிக்கடைக்காரரின் மகன். விஷயத்தை எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறார். மாமனாரைக் குளிர்விக்க வேண்டுமென்று பீரங்கிகளையெல்லாம் ஏரிக்குள் கொண்டுபோய் நிறுத்தி, சிரித்துக்கொண்டே தோற்றார். தீர்ப்பு — தன் பீரங்கியையே காப்பாற்றத் தெரியாதவன் என் பெண்ணை எப்படிக் காப்பாற்றுவான்?

ஜெயித்தாலும் தப்பு. தோற்றாலும் தப்பு. அப்புறம் யார்தான் தேறுவார்கள்?

எனக்கு முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. இரண்டாவது முறை அப்படி இல்லை. தெருவில் எங்கள் வீட்டுக்குப் 'பொம்மை வீடு' என்று பெயர் விழுந்துவிட்டது. என்னோடு படித்தவர்கள் குழந்தைகளோடு தாய்வீடு வந்துபோனார்கள். நானோ குதிரைகளுக்கு வால் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு மட்டும் விஷயம் புரிந்திருந்தது. ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே நைனாவிடம் நிதானமாகச் சொன்னார்:

"பொம்மைக்குக் கை ஒட்ட ஆள் வேணும்னு பொண்ண வூட்லயே வெச்சிக்கப் போறீங்களா? இன்னொரு பையன் இப்படிப் போனான்னா, மொத்தப் பட்டாளத்தையும் வெந்நீர் அடுப்புல போட்டுடுவேன்."

கத்தியிருந்தால் நைனா கண்டுகொண்டிருக்க மாட்டார். நிதானமாகச் சொன்னதால் பயந்துபோனார். ஆனால் சோதனையை மட்டும் விடவில்லை.

மூன்றாவதாக வந்தவர் தாமோதரன். அரக்கோணத்தில் ரயில்வே ஒர்க்ஷாப்பில் மெக்கானிக். தன் மாமாவோடு வந்தார். அதிகம் பேசவில்லை. கோணித் திரையைப் பார்த்தும் எதுவும் கேட்கவில்லை. பஜ்ஜி முடிந்தது. நைனா எழுந்தார். நான் சமையலறைக் கதவிடுக்கில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் அம்மா... கையில் தீப்பெட்டியோடு. அடுப்பு பற்றவைக்கத்தான் என்று இப்போதும் சொல்கிறார்.

மற்றவர்கள் தாயக்கட்டையைப் பார்த்தார்கள். தாமோதரன் சிப்பாய்களைப் பார்த்தார். குனிந்து, ஒவ்வொருவரையும் மெஷின் பாகத்தைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நைனா இருமுறை கனைத்தார். அவர் நகரவில்லை. கடைசியில் ஒரு சிவப்புக் கோட்டுக்காரனை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"சார்... இவருக்கு ரெண்டுமே இடது கையா இருக்குதுங்களே."

நான் கதவிடுக்கிலிருந்து ஒரு அடி பின்வாங்கினேன்.

நைனா நம்பவில்லை. மேப் பார்க்கும் லென்ஸை எடுத்துக்கொண்டு வந்தார். பார்த்தார். அடுத்தவனைப் பார்த்தார். மொத்தம் ஒன்பது பேர்! இத்தனை நாளும் இரண்டு இடது கைகளோடு அவருடைய விரோதிகள் துப்பாக்கி பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அரை அங்குலம் பிசகினால் தூக்கம் வராத மனிதருக்கு எப்படி இருந்திருக்கும்?

என்னைக் கூப்பிட்டார். பெண் பார்க்க வந்தவர் முன்னால் பெண் காபித் தட்டோடு வருவாள். நான் குற்றவாளியாக வந்து நின்றேன்.

"வலது கை இருந்த தீப்பெட்டியை அம்மா அடுப்புல போட்டுட்டாங்க நைனா. மிச்சம் இருந்த கைய வெச்சு ஒட்டிட்டேன்."

அம்மா உள்ளிருந்தே பதில் சொன்னார். தீக்குச்சி எடுக்கலாமென்று திறந்தால் உள்ளே முழுக்கக் குட்டிக் குட்டிக் கையாக இருந்ததாம். பயத்தில் வீசியது அடுப்பில் விழுந்ததாம். அன்றைய ரசத்தில் ஏன் ஒரு மாதிரி வாசனை வந்தது என்பது நைனாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

தாமோதரன் சிரிக்கவில்லை. ஒன்பது பேரையும் எடுத்து வரிசையாக நிறுத்தினார். "வேற கையின்னு தெரியாத மாதிரி தோளை இழைச்சு ஒட்டியிருக்காங்க," என்றார் நைனாவிடம். பிறகு தனக்குப் போட்டிருந்த நாற்காலியிலிருந்து விலகி நின்றார்.

"எனக்குச் சண்டையெல்லாம் வராதுங்க சார். ஒட்டினவங்களே ஆடட்டும். நான் பாத்துகினு இருக்கேன்."

நைனா அவருடைய மாமாவைப் பார்த்தார். மாமா பஜ்ஜியைப் பார்த்தார். அப்படி ஆள் மாற்றி ஆட நோட்டில் இடமில்லை என்று நைனா ஆரம்பித்தார். "ஆடட்டும்" என்று ஒரே வார்த்தை சமையலறையிலிருந்து வந்தது. தீப்பெட்டி குலுங்கும் சத்தமும் வந்தது.

நான் உட்கார்ந்தேன்.

எத்தனை நாள் பார்த்திருக்கிறேன். நைனாவுக்குப் பொறுமை கிடையாது. முதல் வேலையாகக் குதிரைப்படையை அனுப்பிவிடுவார். அன்றும் அனுப்பினார். நான் நகரவே இல்லை. லுங்கித் தலைப்பாகைகள் என் பீரங்கிக்கு நேரே வந்தன. தாயக்கட்டையும் என் பக்கம் இருந்தது. இந்த அமளியில் மலைக்குப் பின்னால் நான் மெதுமெதுவாக நகர்த்திக்கொண்டிருந்தது யாரை என்று அவர் கவனிக்கவில்லை. அந்த ஒன்பது பேரை. தளபதி பிடிபட்டால் போர் முடிந்தது — அவர் நோட்டில் அவரே எழுதிய விதி. மைசூர்த் தளபதி ஏரிக்கரையில் தனியாகக் குதிரைமேல் உட்கார்ந்திருந்தார். ஒன்பது பேரும் போய்ச் சூழ்ந்துகொண்டார்கள்.

நைனா நோட்டைப் புரட்டினார். டேப் வைத்து அளந்தார். கடைசியாக ஒரு ஆட்சேபம் எழுப்பினார்.

"ரெண்டும் இடது கையா இருக்கறவன் எப்படிக் கைதி புடிப்பான்?"

"புடிக்க எந்தக் கையா இருந்தா இன்னாங்க சார்?" என்றார் தாமோதரன்.

நைனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படி என்னைப் பார்த்ததே இல்லை. எங்கே கற்றுக்கொண்டேன் என்று கேட்டார். ஒட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன்.

"ஏன் சொல்லவே இல்ல?"

"நீ ஆடறியான்னு நீங்க கேக்கவே இல்லயே நைனா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். விழுந்து கிடந்த குதிரைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திவைத்தார். ஜெயித்ததற்காக மன்னிப்புக் கேட்கலாமா என்றுகூடத் தோன்றியது. மாப்பிள்ளைகளை அவர் சோதிக்கிறார் என்று ஊரே நினைத்தது. நான் போய்விட்டால் இந்த வீட்டில் என்ன செய்வது என்று தெரியாமல்தான் ஒவ்வொருவரையாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அது எனக்குப் புரிந்தது அந்தக் குதிரைகளை அவர் நிமிர்த்தியபோதுதான்.

பிறகு தாமோதரன் பக்கம் திரும்பினார். ஜெயித்தால் திமிர், தோற்றால் கையாலாகாதவன். நைனாவிடம் இருந்த காரணங்கள் இரண்டே இரண்டு. இந்த மனிதர் இரண்டிலும் சிக்கவில்லை.

"உங்க வூட்ல பெரிய மேஜை இருக்குதா தம்பி?"

"ஆங், இருக்குதுங்க."

"எத்தனை அடி?"

அம்மா அடுப்பைப் பற்றவைத்தார். இன்னொரு ஈடு பஜ்ஜிக்கு.

தை மாதத்தில் கல்யாணம். பாத்ரூமுக்கு மறுபடி கதவு வந்தது. சீர்வரிசைப் பாத்திரங்களோடு ஒரு பிஸ்கட் டின்னில் வெள்ளைக்காரப் படையும், நைனா கையால் வரைந்த சோளிங்கர் வரைபடமும் அரக்கோணம் வந்து சேர்ந்தன. மைசூர்ப் படை திருத்தணியிலேயே தங்கிவிட்டது. போர் இனி தபாலில். வாரம் ஒரு இன்லாண்ட் லெட்டரில் நைனா தன் நகர்த்தலை எழுதுவார். நான் பதில் எழுதுவேன்.

இதை என் மாமியாரிடம் யாரும் சொல்லவில்லை. கணவரை இழந்து, தனியாகப் பிள்ளையை வளர்த்த கறாரான மனுஷி. நான் போன முதல் வாரத்திலேயே தண்ணீர்க்குடம் எங்கே இருக்கவேண்டும் என்பதிலிருந்து எனக்குப் பாடம் ஆரம்பித்திருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் கடைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் முதல் கடிதம் வந்துவிட்டது. சம்பந்தி வீட்டில் ஏதாவது அவசரமோ என்று பக்கத்து வீட்டு டீச்சரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லியிருக்கிறார். டீச்சர் படித்திருக்கிறார்:

"அன்பு மகளுக்கு ஆசிகள். இங்கு அனைவரும் நலம். பீரங்கிகள் மேட்டுக்கு ஏறிவிட்டன. குதிரைக்காரர்களையும் தயார் செய்துவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் நீங்கள் சரணடையாவிட்டால் ஒருவரையும் உயிரோடு விடுவதாக இல்லை. உன் மாமியாருக்கு என் வணக்கத்தைத் தெரிவிக்கவும்."

நான் வீடு திரும்பியபோது மாமியார் வாசலிலேயே நின்றிருந்தார். என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். உட்காரச் சொன்னார். அவர் கையாலேயே காபி கலந்து கொண்டுவந்து கொடுத்து, வெள்ளிக்கிழமைக்கு என்ன சமைக்கட்டும் என்று கேட்டார்.

விளக்கம் சொல்ல நான் அவசரப்படவே இல்லை.