நான்கு மாதம் முந்திய ஸ்தோத்திரம்

எனக்காக நடந்த ஸ்தோத்திர ஆராதனைக்கு அப்பா, அம்மா, போதகர், எஸ்டேட் லைன் வீட்டுக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். செல்வி அக்கா மட்டும் இல்லை. எனக்குக் காசநோய் மாத்திரை கொண்டுவந்து தந்த சுகாதாரப் பணியாளர் அவர். மாத்திரை இன்னும் முடியவில்லையே என்பார் என்று நான்தான் கூப்பிடவில்லை.

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் அப்பாவுக்கு வேலை. எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். சளியில் இரத்தம் கண்டபோது மருத்துவர் ஆறு மாத மாத்திரை எழுதினார். இரண்டே மாதத்தில் இருமல் நின்றது. சளிப் பரிசோதனையில் கிருமி தென்படவில்லை (தென்படாவிட்டாலும் மிச்சம் உள்ளே பதுங்கியிருக்கும்). அப்பா உடனே ஆராதனைக்கு நாள் குறித்தார்.

"ஆண்டவர் என்னைப் பூரண சுகமாக்கினார்" என்று எழுந்து சாட்சி சொன்னேன். என்றென்றும் அரசாளுகிறவரைப் பாடினோம். பாட்டு நீண்டது.

"ஏனுங்க போதகரே, ஆண்டவர் ராஜ்யத்துக்கு முடிவில்லீங்க, சரி. பாட்டுக்குமாங்க? பிரியாணி ஆறுதுங்க" என்றார் பின்வரிசைப் பெரியவர் ஒருவர். போதகரே சிரித்துவிட்டார்.

மறுநாள் காலை மாத்திரையை எடுத்தேன். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரு முன்னாடியும் சொகமாயிட்டேன்னு சொன்னியே. இப்ப இதை முழுங்குனா, நேத்து சொன்னது பொய்யா கண்ணு?"

ஆறு மாதம் என்று சிகிச்சை அட்டையில் எழுதியிருந்தது. வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மாத்திரைகளைத் தகரப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். செல்வி அக்கா கேட்டபோதெல்லாம், "சாப்பிடறனுங்க்கா" என்றேன்.

சில மாதங்களில் இரத்தம் திரும்பி வந்தது. கோவை மருத்துவர், "எதுக்கு நிறுத்துனீங்க?" என்றார். சொன்னேன்.

"நன்றி சொல்லிட்டே சாப்பிட்டிருக்கலாமே தம்பி."

மருந்துக்கு அடங்காத காசநோய் (பாதியில் விட்ட மருந்துக்குக் கிருமி பழகிப்போன நிலை). புதிய மாத்திரைகளில் சில எனக்கு ஒத்துக்கொள்ளாததால் ஊசி போட்டார்கள். அதனால் காது மந்தமாகலாம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். முதலில் காலைக் குருவிகளின் சத்தம் போனது. பிறகு அம்மா கூப்பிடுவது.

இருபது மாத மருந்துக்குப் பிறகு இப்போது கிருமி இல்லை. அப்பா மறுபடி ஆராதனை வைத்தார். செல்வி அக்காவை நானே போய் அழைத்துவந்தேன். மற்றவர்களின் வாயசைவைப் பார்த்துப் பாடினேன். பெஞ்சில் கை வைத்தால் பாட்டு அதிர்வது தெரிகிறது. நன்றியும் சொன்னேன், மனதாரத்தான். கசப்பு யார்மேல் என்று தேடினால் அது என்மேலேயே வந்து நிற்கிறது. முடிவில்லாத ஆட்சியைப் பாடிய எங்களால் நான்கு மாதம் பொறுக்க முடியவில்லை.

இதே மாத்திரை கையில் இருப்பவருக்குச் சொல்கிறேன். அந்த நான்கு மாதத்துக்கு நாங்கள் கொடுத்தது இருபது மாதமும், என் இரண்டு காதுகளும்.