பின் சீட்டில் ஒரு ரவுண்டு

ஷாக் அப்சார்பர் நன்றாக இருக்கும்வரை அப்படி ஒன்று வண்டியில் இருப்பதே யாருக்கும் தெரியாது. கெட்டுப்போன பிறகோ, கெட்டது அதுதான் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். குண்டும் குழியுமான முடிச்சூர் ரோட்டில் தினமும் முதுகைக் கொடுத்துவிட்டு வரும் உங்களுக்கு நான் சொல்வது புரியும். இரண்டாயிரங்களின் நடுவில் நானும் என் வீட்டுக்காரர் காதரும் தாம்பரத்தில் ஷாக் மாற்றும் கடை போட்டோம். அவர் ஸ்பானர் பிடிப்பார். எது போயிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது நான். சொன்னதை மாற்றிக்கொள்ளும் பழக்கம் எனக்குக் கிடையாது. அதனால் ஒருமுறை கடையையே மூடியிருக்க வேண்டியது.

பாய் இல்லையா?

வருகிறவர்களின் முதல் கேள்வி இதுதான். சேலையூரிலிருந்து மாருதியில் வந்த சாரும் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். பாய் சாப்பிடப் போயிருக்கிறார், நான் பார்க்கிறேன் என்றேன். இது பெரிய வித்தை இல்லை. பானெட் மூலையை இரண்டு கையாலும் அழுத்திக் கையை எடுக்க வேண்டும். ஒருமுறை எழும்பி நின்றுவிட்டால் ஷாக்கில் உயிர் இருக்கிறது. அவர் வண்டி இடதுபக்கம் தலையாட்டிக்கொண்டே இருந்தது. டயருக்குப் பின்னால் ஷாக்கிலிருந்து எண்ணெய் வேறு வழிந்திருந்தது.

சார் நம்பவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தார். காதர் வந்தார், என்ன என்று என்னிடம் கேட்டார், நான் சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னார். சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களாம்மா, பாய் வந்தவுடனே கண்டுபிடிச்சிட்டார்."

ஒரு பக்கம் மட்டும்

அதே சார், இடதுபக்கம் மட்டும் மாற்றினால் போதும் என்றார். முடியாது என்றேன். ஒருபக்கம் புதுசு, ஒருபக்கம் பழசு என்றால் வண்டி ஒரு பக்கமாக அலையும். ஒரு காலில் ஷூ, ஒரு காலில் ஹவாய் செருப்பு போட்டு நடந்து பாருங்கள் என்றேன். அவர் விடவில்லை, நானும் விடவில்லை. வாங்கி வைத்த டீ ஆறிப்போனது.

"எங்க வீட்ல கூட நான் இவ்ளோ பேசினதில்லம்மா. ரெண்டும் போட்டுடுங்க."

பட்டை வைத்தியம்

தேவராஜ் பெருங்களத்தூர் பக்கம் ஸ்கூல் வேன்கள் விடுகிறவர். அவர் வண்டிகள்தான் எங்கள் கடைக்குச் சோறு. ஒருநாள் ஆம்னி வேன் ஒன்றைக் கொண்டுவந்தார். பசங்க ஏறினால் பின்பக்கம் இறங்கிவிடுகிறது, ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு இரும்புப் பட்டை போட்டுக் கொடு என்றார். போதாக்குறைக்கு, முன் சீட்டுக்குப் பசங்க தினமும் அடித்துக்கொள்வதால் லேட்டாகிறது என்று புலம்பினார்.

குனிந்து பார்த்தேன். பின்பக்க ஷாக் இரண்டும் எப்போதோ செத்துவிட்டன. பட்டை போட்டால் வண்டி தூக்கி நிற்கும். ஆனால் குதிப்பது இன்னும் அதிகமாகும். ஷாக் மாற்றாமல் பட்டை போடமாட்டேன் என்றேன். காதர் என்னைத் தனியே கூப்பிட்டு, கேட்டதைச் செய்து அனுப்பிவிடலாம், இவர் போனால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான் என்றார். இறக்கிக்கொள்ளலாம் என்றேன். பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அந்தப் பின் சீட்டில் உட்காரப்போவது குழந்தைகள். தேவராஜ் என்னிடமிருந்த வண்டிச் சாவிக்குக் கை நீட்டினார்.

"பல்லாவரத்துக் கடைக்காரன் வாயத் தொறக்காம போட்டுக் குடுப்பான்க்கா. மத்த வண்டிங்களும் இனிமே அங்கதான்."

சாவி என் கையில்

தருகிறேன், அதற்குமுன் ஒரு ரவுண்டு போகலாம், ஓட்டுவது நான், நீங்கள் பின் சீட்டில் உட்காருங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே ஏறினார். சொந்த வண்டியில் அவர் அங்கே உட்கார்ந்ததே இல்லை. வண்டி வைத்திருக்கிறவர்கள் யாரும் உட்கார மாட்டார்கள்.

குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய ரோட்டிலேயே விட்டேன். வேகமெல்லாம் இல்லை, அவருடைய டிரைவர் போகிற வேகம்தான். முதல் பள்ளத்தில் சிரிப்பு நின்றது. ஸ்பீட் பிரேக்கரில் தலை கூரையில் இடித்தது. போதும், திருப்பு என்றார். ஸ்கூல் கேட்டைத் தொடாமல் திருப்ப மாட்டேன் என்றேன்.

கடை வாசலில் இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீட்டிய சாவியை வாங்கவில்லை.

"பசங்க ஏன் முன்னால குந்த அடிச்சிக்கிதுங்கன்னு இப்பதான் தெரியுது. ஷாக்கே போடுக்கா. மத்த வண்டிங்களையும் அனுப்பறேன். ஆனா அதுலல்லாம் என்னை குந்த வெக்காத."

இன்றைக்கும் எல்லோரும் பாய் இல்லையா என்றுதான் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். தேவராஜ் மட்டும் அக்கா இல்லையா என்று கேட்டு, இல்லை என்றால் நிம்மதியாக உள்ளே வருகிறார்.